முக்கால் சைஸ் டியூபாவுக்கு முழு விலை: ஆறு வருடம் ஊதிய பிறகு

டியூபா என்பது பித்தளை ஊதுகருவிகளில் பெரியது, அடிநாதம் கொடுப்பது. நான் ஊதுவது மிராஃபோன் கம்பெனியின் 184 என்ற மாடல். சி (C) சுருதி, ரோட்டரி வால்வு (விரலால் அழுத்தினால் சுழன்று காற்றைக் கூடுதல் குழாய்க்குள் திருப்பும்), டியூபாக்காரர்கள் 'முக்கால் சைஸ்' என்று சொல்கிற வகை. ஓய்வுபெற்ற ஒரு இசை ஆசிரியரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் 4,300 டாலருக்கு வாங்கினேன். அப்போது என்னிடம் முழு சைஸ் டியூபா ஒன்று நல்ல நிலையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு இவ்வளவு காசா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நான் இருப்பது நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள ஜெர்சி சிட்டியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. புதன்கிழமை ஒத்திகை மன்ஹாட்டனில். பழைய டியூபா பெட்டியோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும். அதைப் படியில் இறக்கி, இரண்டு ஊரையும் இணைக்கிற பாத் (PATH) ரயிலில் ஏற்றி, கூட்டத்துக்கு நடுவே கால்களால் அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். குளிர்காலத்தில் 'இன்றைக்கு வேண்டாம்' என்று உட்கார்ந்துவிட்ட புதன்கிழமைகள் நிறைய. சின்னது வந்த பிறகு மென்பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். இரண்டு கையும் சும்மா இருக்கிறது, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கலாம். என் வாசிப்பு முன்னேறியது முக்கியமாக இதனால்தான்.

பலர் தவறாக நினைக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முக்கால் சைஸ் என்றால் குழாய் முக்கால் நீளம் என்று அர்த்தமில்லை. சி டியூபா எந்த சைஸாக இருந்தாலும் ஏறக்குறைய 16 அடி குழாய் வேண்டும், பி ஃபிளாட் என்றால் 18 அடி. குறைவது குழாயின் பருமனும், நாதஸ்வரத்தின் அணசு போல விரிகிற வாயின் அகலமும்தான். ஆகவே சுருதி அதேதான், நாதத்தின் உடம்புதான் மெலியும். இந்த முக்கால், முழு அளவுகளுக்குப் பொதுவான இலக்கணமும் கிடையாது. ஒரு கம்பெனியின் முக்கால் இன்னொன்றின் முழு சைஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வாங்குகிறவர்கள் அந்தச் சொல்லை நம்பாமல் எடுத்து ஊதிப் பார்க்க வேண்டும்.

ஐந்து பேர் கொண்ட பித்தளைக் குழுவில் இது அருமை. ஒவ்வொரு ஸ்வரமும் விளிம்போடு எழும்பும், டிரம்பெட்டை மூடாது. டிராம்போன்காரர் முதல் நாளே திரும்பிப் பார்த்து, "இப்பதான் நீங்க என்ன வாசிக்கிறீங்கன்னு கேக்குது" என்றார். ஆனால் 60 பேர் கொண்ட குழுவோடு திறந்தவெளிப் பூங்காவில் ஊதினால் கதை வேறு. எவ்வளவு மூச்சைக் கொட்டினாலும் அடியில் விரிப்பு போல நாதம் பரவாது. மந்தர ஸ்தாயியின் அடிமட்டத்துக்குப் போனால் மெலிந்துவிடும். ஆறு வருடப் பழக்கத்திலும் இது மாறவில்லை.

சுருதி பற்றி. நடுவில் வருகிற ஈ (E) ஸ்வரத்தை வால்வு அழுத்தாமல் ஊதினால் சற்று இறங்கி நிற்கும். வால்வு தொடாமல் குழாய் தானாகவே தருகிற இயல் ஸ்வர வரிசையில் இது ஐந்தாவது; அது இயற்கையிலேயே அப்படித்தான், எல்லா டியூபாவுக்கும் உள்ள தொல்லை. முதல் இரண்டு வால்வுகளை அழுத்தினால் சரியாக உட்காரும். ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் ஏறிப்போகிற இடங்களில் நான்காவது வால்வு காப்பாற்றும். இந்த இரண்டும் விரலுக்குப் பழகிய பிறகு ட்யூனரை எடுப்பதே இல்லை.

செலவும் உண்டு. மூன்றாம் வருடம் நான்காவது வால்வின் மூட்டு தேய்ந்து 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. கொடுத்த ரிப்பேர் கடை ஏழு வாரம் வைத்திருந்துவிட்டு, வாயின் ஓரத்தில் ஒரு நசுங்கலோடு திருப்பித் தந்தது. இன்னும் அந்த இடத்தில் கை பட்டால் மனசு சுருங்குகிறது. இப்போது வால்வு மூடியைத் திருகி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதை வாராவாரம் நானே செய்கிறேன்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் டிசம்பரில் டியூபா கிறிஸ்துமஸ் நடக்கும். 25 டிசம்பர் 1902-இல் பிறந்த தன் ஆசிரியர் வில்லியம் பெல் நினைவாக டியூபா கலைஞர் ஹார்வி ஃபிலிப்ஸ் 1974-இல் தொடங்கியது. பனிச்சறுக்குத் தளத்தைச் சுற்றி டியூபாவும் அதன் சின்னத் தம்பியான யூஃபோனியமும் மட்டும். முதல் முறை போனபோது என் மூச்சின் ஈரம் உறைந்து இரண்டாவது வால்வு அசையவே இல்லை. கோட்டைத் திறந்து வால்வுப் பகுதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், கொஞ்ச நேரத்தில் இளகியது. என் பழைய டியூபாவை அப்படி அணைத்திருக்கவே முடியாது.

சரி, காசுக்குத் தகுமா? வண்டியில் ஏற்றி நேராக மண்டபத்தில் இறக்குகிறவர், பெரிய குழுவில் மட்டும் வாசிக்கிறவர் என்றால் வேண்டாம். அதே காசுக்கு நல்ல முழு சைஸ் கிடைக்கும். படி, ரயில், சின்னக் குழு என்று என்னைப் போல ஓடுகிறவர் என்றால் தயங்காதீர்கள். என் பழையதை விற்றுவிட்டேன். பூங்காக் கச்சேரிகளுக்கு மட்டும் குழுவின் பெரிய டியூபாவை இரவல் வாங்கி ஊதுகிறேன், அதைத் தூக்கி வர அவர்களிடம் வேன் இருக்கிறது.