மலைச் சப்பாத்து வாங்கப் போகிறவர்களுக்கு: மட்டக்களப்புக் கடையொன்றில் எங்களுக்கு நடந்தது

அரிசோனாவில் வசிக்கும் அக்காவின் குடும்பத்தோடு கிராண்ட் கேன்யன் என்ற ஆழமான பள்ளத்தாக்கில் ஒருநாள் நடை போவதற்காக நானும் மச்சானும் ஆயத்தமாகி வருகிறோம். அதற்கென்று மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு கடையில் வாங்கிய சப்பாத்துகளும், அவற்றோடு சேர்த்து அங்கே சொல்லப்பட்ட ஆலோசனையும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை, இப்படியொரு பயணத்தை எண்ணியிருக்கும் மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்கு, புத்தம் புதியது என்று கூறிச் சோடி 28,000 ரூபாய்க்குத் தந்தார்கள். பயிற்சிக்காகக் கிரான் வழியாகக் குடும்பிமலைக்குச் சென்று பாறையில் ஏறத் தொடங்கிய சற்று நேரத்திலேயே மச்சானின் வலது சப்பாத்து குதிப்பக்கம் வாய்பிளந்தது. மேல்தோலுக்கும் அடி றப்பருக்கும் இடையிலிருந்த மெத்தைப் பகுதி, தொட்டவுடன் காய்ந்த பிட்டைப் போல உதிர்ந்து விரல்களில் ஒட்டியது. இறங்குவதற்குள் என்னுடையதும் அவ்வாறே ஆகிவிட, இரண்டையும் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

இத்தகைய சப்பாத்துகள் பலவற்றின் நடுப்பகுதி பாலியூரித்தேன் என்ற மெத்தென்ற பிளாஸ்ரிக் வகையால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தால் அது மெல்ல மெல்லச் சிதையும். ஒருமுறைகூட அணியாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். வாவியும் கடலும் சூழ்ந்த எங்கள் ஊரின் வெக்கையில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே எங்களுக்கு விற்கப்பட்டது பழைய இருப்பு. சப்பாத்து நாக்கின் உட்புறத் துணியில் உற்பத்தித் திகதி இருக்க வேண்டிய இடம் மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது. அது தற்செயலாக நடந்தது என்று நான் நம்பவில்லை.

“பாவிச்ச சாமான திருப்பி எடுக்க மாட்டம், தம்பி” என்பதே உரிமையாளரின் பதில்.

பணத்தைவிட என்னை வருத்துவது அவர் சொன்ன ஆலோசனை. காலையில் இறங்கினால் ஆற்றைத் தொட்டுவிட்டு மாலைக்குள் ஏறிவிடலாம், வழியெங்கும் தண்ணீர்க் குழாய் உண்டு, ஒரு லீற்றர்ப் போத்தலே போதும் என்றார். ஆனால் ஒரே நாளில் ஆறுவரை சென்று திரும்ப முயல வேண்டாம் என்று அந்தத் தேசியப் பூங்காவே எச்சரிக்கிறது. தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆறு ஏறத்தாழ 1,400 மீற்றர் கீழே ஓடுகிறது. அங்கிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதைகளில் ஒன்றான தெற்குக் கைபாப் பாதை நெடுகிலும் குடிநீர் கிடையாது. மற்றொன்றான பிரைற் ஏஞ்சல் பாதையிலுள்ள குழாய்களும் பருவத்தைப் பொறுத்தும் குழாய்வழி உடைப்பைப் பொறுத்தும் வறண்டுபோகும். குடும்பிமலையில் உடலில் தெம்பிருக்கும்போது ஏறுகிறோம். அங்கோ முதலில் இறங்கி, களைத்த பின்னர், இறங்கியதைப் போல இருமடங்கு நேரம் எடுத்து ஏற வேண்டும். கோடையில் அடிவாரத்தில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதால், காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் நடப்பதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் வயலில் நின்றவர்களுக்கு இது ஓரளவு விளங்கும்: வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடல் இழக்கும் நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்காக உப்புள்ள உணவு எதுவுமின்றித் தண்ணீரை மட்டும் அளவுமீறிக் குடித்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் நாங்கள் தெற்குக் கைபாப் பாதையில் சீடர் றிட்ஜ் என்ற இடம் வரை, அதாவது ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர் மட்டும் இறங்கித் திரும்ப முடிவுசெய்துள்ளோம்.

சப்பாத்து வாங்குபவர்கள் கடையிலேயே உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் இடிபடும் என்பதால், இறுக்கமான அளவை வாங்காதீர்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிட வேண்டும். 1977 என்ற அதன் தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்கலாம். உதிர்ந்த சப்பாத்தின் படங்களோடு எங்கள் முறைப்பாட்டைக் கையளித்துவிட்டோம். விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை.