இரட்சிப்பை இழக்க முடியுமா? நான்கு சபை மரபுகளின் பதில்கள்

இந்தக் கேள்வி எழுந்தாலே 'கால்வின் பக்கமா (இழக்க முடியாது), ஆர்மீனியஸ் பக்கமா (இழக்கலாம்)' என்று ஆட்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். அதில் இரண்டு கோளாறு உண்டு. கால்வின் வழிவந்த சபைகள் சொல்லாத ஒன்றை அவர்கள் தலையில் கட்டிவிடுகிறோம். லுத்தரன் சபை 1530-லேயே கொடுத்த பதிலை மறந்தேபோகிறோம். அதனால் பதில்களை நான்காக வைத்துப் பார்க்கிறேன். வசனம் எத்தனை யார் பக்கம் என்று எண்ணுவதால் பயனில்லை, எல்லாரிடமும் வசனம் இருக்கிறது. விசுவாசத்தை விட்டுப் போனவரைப் பற்றி ஒரு உபதேசம் என்ன சொல்கிறது, 'நான் இரட்சிக்கப்பட்டேனா' என்று கலங்குகிறவருக்கு என்ன கொடுக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

டோர்ட்: தேவன் காப்பார், ஆகையால் நிலைநிற்பார்கள்

ஆர்மீனியஸ் 1609-இல் இறந்தார். அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கட்டுரைகளை முன்வைத்தார்கள். ஐந்தாவது கட்டுரை இந்த விஷயத்தைப் பற்றியது. ஆனால் உண்மையான விசுவாசி விழுந்துபோக முடியும் என்று அது அடித்துச் சொல்லவில்லை. வேதத்தை இன்னும் ஆராய்ந்த பிறகே இதை நிச்சயத்தோடு போதிக்க முடியும் என்று நிறுத்திக்கொண்டது. 'முடியும்' என்று அவர்கள் தெளிவாகச் சொன்னது சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கிறது.

1618 நவம்பரில் கால்வின் வழிவந்த சபைகள் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூட்டிய ஆலோசனைச் சங்கம் 1619 மே வரை நடந்து, எதிர்ப் பதிலைக் கொடுத்தது. அரசியலும் இதில் கலந்திருந்தது. ஆர்மீனியஸ் பக்கத்தாருக்கு ஆதரவாக நின்ற தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் அந்த மே மாதத்திலேயே தலை வெட்டப்பட்டு இறந்தார். பல போதகர்கள் பதவி இழந்தார்கள்.

டோர்ட் சொன்னது நாம் நினைப்பதைவிடக் கண்டிப்பானது. விசுவாசி பெரிய பாவங்களில் விழலாம் என்று ஒத்துக்கொள்கிறது. தாவீதையும் பேதுருவையும் எடுத்துக்காட்டுகிறது. அப்படி விழுந்தவர் கிருபையின் உணர்வையே சில காலம் இழக்கலாம். ஆனால் தேவன் தம் ஆவியை முழுவதுமாக எடுத்துவிடமாட்டார், அவரை மனந்திரும்பச் செய்வார். யோவான் 10:28 இதற்கு அஸ்திபாரம்: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை."

அப்படியானால் விட்டுப் போய், திரும்பாமலே செத்தவர்? அவர் ஒருபோதும் உண்மையாக நம்மோடு இருக்கவில்லை என்பது பதில். 1 யோவான் 2:19 அதைத்தான் சொல்கிறது.

வேதத்தில் இவ்வளவு எச்சரிப்புகள் ஏன் என்று கேட்டால், இவர்களிடம் ஒரு நல்ல பதில் உண்டு. அப்போஸ்தலர் 27-இல் கப்பலில் ஒரு உயிரும் சேதமாகாது என்று பவுல் முதலில் உறுதி கொடுக்கிறார். அப்புறம் மாலுமிகள் நழுவப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்கிறார். எச்சரிப்பைக் கேட்டு மாலுமிகளைத் தடுத்ததால்தான் வாக்குறுதி நிறைவேறியது. இந்தப் பதிலை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

ஆனால் கலங்குகிறவர் விஷயத்தில் இந்த உபதேசம் தடுமாறுகிறது. 'நான் விழுந்துவிடுவேனோ' என்ற பயத்தை எடுத்துவிட்டு, 'நான் தொடக்கத்திலேயே உண்மையாக நம்பினேனா' என்ற பயத்தை அந்த இடத்தில் வைக்கிறது. கவிஞர் வில்லியம் கூப்பரை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டனோடு சேர்ந்து ஞானப்பாடல்கள் எழுதியவர். 1779-இல் வந்த தொகுப்பில் அவருடைய பாடல்களும் உண்டு. தேவன் தெரிந்துகொண்டவர்கள் விழமாட்டார்கள் என்ற உபதேசத்தில் ஊறியவர். 1773-இல் மனநோய் தாக்கியபோது, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பத் தொடங்கினார். 1800-இல் இறக்கும் வரை அந்த எண்ணம் அவரை முழுதாக விடவில்லை. அந்த நோயை உபதேசத்தின்மேல் சுமத்துவது அநியாயம். நோய் நோய்தான். ஆனால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு தேவைப்பட்டபோது, அந்த உபதேசத்தால் 'நீயும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாய்' என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை.

வெஸ்லி: இழக்கலாம், திரும்பவும் வரலாம்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1751-இல் இதைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். எசேக்கியேல் 18:24, யோவான் 15-இல் வெட்டி எறியப்படும் கொடி, எபிரெயர் 6, எபிரெயர் 10 ஆகியவற்றை எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் நேராக வாசிக்கிறார். பரிசுத்த ஆவியைப் பெற்று, பரம ஈவை ருசிபார்த்தவர்களை 'போலிகள்' என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு டோர்ட் பக்கத்திலிருந்து எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை.

ஆனால் எபிரெயர் 6 வெஸ்லிக்கும் இடிக்கிறது. மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிப்பது "கூடாதகாரியம்" என்று அது சொல்கிறதே? பின்மாற்றக்காரர்களுக்காக 1778-இல் எழுதிய பிரசங்கத்தில் வெஸ்லி இதை எடுத்துக்கொள்கிறார். அந்த வசனம் கிறிஸ்துவை வெளிப்படையாகவே மறுதலித்தவர்களைக் குறிக்கிறது, விழுந்துபோன எல்லாரையும் அல்ல. விழுந்து திரும்பியவர்களை நான் ஏராளமாகக் கண்டிருக்கிறேன் என்கிறார். மனதுக்கு ஆறுதலான வாசிப்பு. ஊழியத்தில் உழைத்த ஒருவரின் இருதயம் அதில் தெரிகிறது.

நம் ஊர் பெந்தெகொஸ்தே கூட்டங்கள் பலவற்றில் கேட்பது பெரும்பாலும் இந்தக் குரல்தான். அதன் பலவீனமும் அங்கே தெரிகிறது. ஒவ்வொரு கன்வென்ஷனிலும் அதே பிள்ளைகள் அழுதுகொண்டே மறுபடியும் முன்னால் வந்து நிற்கிறார்கள். போன வாரம் கோபப்பட்டதால் இரட்சிப்பு போய்விட்டதோ என்ற பயம் அவர்களுக்கு. வெஸ்லி அப்படிப் போதிக்கவில்லை. இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றி அவரைப்போல் பேசியவர்கள் குறைவு. அவருடைய உபதேசம் கவனமில்லாதவர் கையில் இப்படி ஆகிவிடுகிறது.

ஒருமுறை விசுவாசித்தால் போதும் என்பவர்கள்

'ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும்' என்ற வாசகத்தைக் கால்வின் தலையில் கட்டுவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய ஒரு வகைப் போதனை வேறு. அதன்படி ஒருவர் ஒருமுறை உண்மையாக விசுவாசித்தால் போதும். பிறகு விசுவாசத்தையே விட்டாலும் பரலோகம் நிச்சயம், பலன்களைத்தான் இழப்பார். டோர்ட்டில் கூடியவர்கள் இதைக் கேட்டிருந்தால் ஏற்றிருக்கவேமாட்டார்கள். "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்ற மத்தேயு 24:13-ஐ இவர்கள் வேறு எதற்கோ திருப்பிவிடுகிறார்கள். இந்தப் பதிலில் நான் அதிக நேரம் நிற்கப்போவதில்லை. நான்கில் இதுதான் பலவீனமானது.

நான்குக்கு வெளியே, கத்தோலிக்க பதிலையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாவான பாவம் கிருபையை இழக்கவைக்கும், ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவது) அதைத் திரும்பத் தரும் என்று 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம் அறிக்கையிட்டது. திரும்பும் வழி அங்கே மிகத் தெளிவு. ஆனால் தேவனே தனியாக வெளிப்படுத்தினாலன்றி, கடைசிவரை நிலைப்பேன் என்று யாரும் முழு நிச்சயத்தோடு சொல்லக்கூடாது என்றும் அதே சங்கம் சொன்னது.

லுத்தரன்: இரண்டையும் வெட்டாமல் வைப்பது

1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, பன்னிரண்டாம் பிரிவில், ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்பவர்களைக் கண்டிக்கிறது. 1537-இல் லுத்தர் தாவீதையே எடுத்து, அப்படிப்பட்ட பாவத்தில் விழுந்தபோது விசுவாசமும் ஆவியும் விலகிவிட்டன என்று எழுதினார். டோர்ட் அதே தாவீதை வைத்து இதற்கு எதிரான முடிவுக்கு வந்தது. ஆனால் வெஸ்லியிடமிருந்தும் லுத்தர் வேறுபடுகிறார். கடைசிவரை நிலைத்து நிற்பவர் நிற்பது முழுக்க தேவனுடைய கிருபையால், தெரிந்துகொள்ளப்பட்டவர்களை அவர் கைவிடுவதில்லை என்கிறது இந்த மரபு. பழங்காலச் சபைத் தந்தை அகுஸ்தீனுடைய கடைசிக் காலப் புத்தகங்களிலும் ஏறக்குறைய இதே தடம் இருக்கிறது.

எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. காரணம் கூப்பர்தான். அவரைப்போல் கலங்குகிறவரிடம் லுத்தரன் போதகர், 'உன் விசுவாசம் உண்மையா என்று உள்ளே தோண்டாதே' என்பார். 'உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அப்பத்தையும் ரசத்தையும் உன் கையில் கொடுத்தார், பாவமன்னிப்பை உன் காதில் சொன்னார். அதைப் பிடித்துக்கொள்' என்பார். வெளியே, தனக்கு நேர்ந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். மெத்தனமாக வாழ்கிறவரிடமோ எபிரெயர் 6-ஐ அப்படியே வாசிப்பார், 'அது போலிகளுக்கு' என்று மழுப்பாமல்.

1706-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து இந்தப் பதில் நம் மண்ணிலேயே இருக்கிறது. ஆனாலும் இங்கே நடக்கும் விவாதங்களில் இதை எடுத்துவைப்பவர்கள் மிகச் சிலர்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே வீட்டில் ஒரே பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்த இரண்டு பேரில் ஒருவர் நிலைக்கிறார், மற்றவர் விழுகிறார். ஏன்? டோர்ட் தேவனுடைய தெரிந்தெடுப்பைக் காட்டும், வெஸ்லி மனிதனுடைய சித்தத்தைக் காட்டுவார். லுத்தரன் சபையோ, நிலைத்தவருக்குக் காரணம் கிருபை, விழுந்தவருக்குக் காரணம் அவருடைய பாவம் என்று சொல்லி, அந்த இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவர மறுக்கிறது. 1577-இல் எழுதி முடித்த லுத்தரன் விசுவாச அறிக்கையிலும் அவ்வளவுதான். தர்க்கப்படி பார்த்தால் இது குறைதான். அந்தக் குறையோடுதான் நான் இதை ஏற்கிறேன்.