டைனோ தாளில் மட்டும் ஏறிய 21 எச்பி: எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறவர்கள் படிக்கவும்

கோவையில் ஒரு ட்யூனிங் கடையில் என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230க்கு டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வரும் முதல் புகைக் குழாய்) தொடங்கி பின்முனை வரை முழு எக்ஸாஸ்ட்டையும் மாற்றினேன். 1,85,000 ரூபாய் வாங்கினார்கள். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 200 செல் ஹை-ஃப்ளோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூடு போன்ற பாகம்), குறைந்தது 20 எச்பி கூடுதல் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கொடுத்தார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை. போதாக்குறைக்கு வண்டியோடு வந்த கம்பெனி கன்வெர்ட்டரும் போய்விட்டது. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய முறையை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது ஒரு கடையின் பழக்கம் மட்டுமில்லை.

முதலில் அந்த டைனோ தாள், அதாவது வண்டியை உருளை மேல் ஓட்டி சக்தியை அளக்கும் கருவி கொடுக்கும் தாள். வேலைக்கு முன் சக்கரத்தில் 186 எச்பி, வேலைக்குப் பின் 207 என்று கிராஃப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே தாளில் சிவப்புக் கோடும் நீலக் கோடும், நடுவே நல்ல இடைவெளி. பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் தாளின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் உண்டு, அங்கேதான் சூது. முதல் ஓட்டத்தில் திருத்தக் கணக்கு எஸ்ஏஇ, இரண்டாவதில் எஸ்டிடி. எந்த ஊரில், எந்த வெயிலில் அளந்தாலும் ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காக டைனோ மென்பொருள் காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் எல்லாம் பார்த்து அளவைத் திருத்திக் காட்டும். எஸ்டிடி என்பது பழைய கணக்கு. அதே ஓட்டத்தை எஸ்ஏஇ-யிலிருந்து எஸ்டிடி-க்கு மாற்றினாலே சுமார் 4 சதவீதம் ஏறும். போல்ட் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம்.

அடுத்த வரி வெப்பநிலை. முதல் ஓட்டத்தில் 27 டிகிரி, இரண்டாவதில் 42. இரண்டும் மேகமூட்டமான ஆடி மாதக் காலைகள். கோவையில் சித்திரை வெயிலிலேயே 42 வருவது அரிது. சூடான காற்றில் இன்ஜின் சக்தி குறையும் என்று வைத்துக்கொண்டு மென்பொருள் அந்தக் குறையைச் சேர்த்துக் கொடுக்கும். ஆகவே வெப்பத்தைக் கூட்டிப் போட்டால் எச்பியும் கூடும். 15 டிகிரிக்கு ஏறக்குறைய 3 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் 7 சதவீதம், 186-இல் அது 13 எச்பி. மீதி 8-க்கும் வழி இருக்கிறது: முதல் ஓட்டம் நான் நெரிசலில் ஓட்டி வந்து நிறுத்திய சூட்டோடு, முன்னால் மின்விசிறிகூட இல்லாமல். இரண்டாவது, இரவெல்லாம் ஆறிய வண்டி, இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகத்துக்கு) நேராக பெரிய ஊதுவிசிறி.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தக் கணக்கு டர்போ இல்லாத இன்ஜின்களை மனதில் வைத்துப் போட்டது. என்னுடையது போன்ற டர்போ வண்டியில் காற்று மெலிந்தால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டர்போவை இன்னும் கொஞ்சம் சுழல விட்டு ஈடுகட்டிவிடும். அதன் மேல் மறுபடி திருத்தம் போட்டால் இல்லாத சக்தி தாளில் வரும். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்றழுத்தம் எப்போதும் கொஞ்சம் குறைவு. அதனால் டர்போ கார்களுக்கு இங்கே போடும் டைனோ தாள் நேர்மையான கடையில்கூட சற்று உப்பித்தான் வரும்.

சந்தேகம் வந்ததும் வேறு ஊரில் வேறு டைனோவுக்குப் போனேன். நண்பரின் மாற்றம் செய்யாத ஆர்எஸ் 230-யும் கூட்டிக்கொண்டு, ஒரே காலையில், ஒரே ஆபரேட்டர், ஒரே கியர், திருத்தமே இல்லாத நேரடி அளவு. என் வண்டி 3 எச்பி கூடுதல். ஒரே வண்டியை அடுத்தடுத்து ஓட்டினாலே அவ்வளவு வித்தியாசம் வரும்.

ஏன் ஏறவில்லை? இந்த 2.0 டிஎஸ்ஐ இன்ஜினில் எவ்வளவு இழுவிசை வேண்டும் என்பதை முடிவு செய்வது ஈசியு. ஆலையில் எழுதியது 230 பிஎஸ், 350 என்எம். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் ஈசியு அந்த 350-ஐக் கேட்கும், அதற்குத் தேவையான பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை) மட்டும் டர்போவிடம் வாங்கும். டர்பைனுக்குப் பின்னால் குழாய் அகலமானால் வாயு சுலபமாக வெளியேறும், டர்போ சற்று சீக்கிரம் எழும். அது உண்மை, 2000 ஆர்பிஎம் பக்கத்தில் எனக்கும் தெரிந்தது. ஆனால் இலக்கை எட்டியதும் ஈசியு வேஸ்ட்கேட் என்ற வால்வைத் திறந்து மிச்ச வாயுவை வெளியே விட்டுவிடும். ஓபிடி (வண்டியின் கணினியைப் படிக்கும் இணைப்பு) வழியாக லாக் எடுத்துப் பார்த்தேன்: கேட்ட பூஸ்ட் பழையதுதான், கிடைத்ததும் பழையதுதான்.

கடையில் இதைக் கேட்டபோது கிடைத்த பதில்: "முன்னூறு கிலோமீட்டர் ஓட்டுங்க சார், ஈசியு தானா கத்துக்கும்." இதைப் பல கடைகளில் சொல்கிறார்கள். ஈசியு கற்றுக்கொள்வது எரிபொருள் கலவையின் சிறு திருத்தங்களை. இழுவிசை இலக்கை அது தானாக உயர்த்தாது. அதை மாற்ற ரீமேப், அதாவது ஈசியுவின் மென்பொருளைத் திருத்தி எழுதுவது, வேண்டும். ரீமேப் செய்த டர்போ வண்டியில் அகலமான டவுன்பைப் உண்மையிலேயே பலன் தரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ரீமேப் இல்லாமல் கேட்-பேக் (கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாய்) மட்டும் மாற்றினால் கிடைப்பது சத்தம்.

டர்போ இல்லாத பழைய விடெக் சிட்டி, சிவிக் மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம். "இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேணும்" என்பார்கள். பேக் பிரஷர் என்றால் வெளியேறும் வாயுவைத் தடுக்கும் எதிர் அழுத்தம். அது இல்லை, வேண்டியது வாயுவின் வேகம். ஒரு சிலிண்டர் விட்ட வாயு வேகமாகப் போனால் அடுத்ததின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாயை மிகையாக அகலப்படுத்தினால் அந்த வேகம் செத்து கீழ் ஆர்பிஎம்-மில் இழுவை குறையும்.

சரி, எஃகுக்கு வருவோம். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை. "304 தான், பாருங்க." காந்தம் ஒட்டாவிட்டால் 409 (காந்தம் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ரகம்) இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். 202 ரகத்திலும் ஒட்டாது. 304-இல் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல், மாங்கனீசு அதிகபட்சம் 2. விலை குறைந்த 202-இல் நிக்கல் பாதியளவு, மாங்கனீசு 7.5-லிருந்து 10 வரை. கோவையில் பம்ப், வார்ப்பட ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. தெரிந்த ஒருவரின் ஆலையில் உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்-ரே துப்பாக்கி வைத்துப் பார்த்தோம்: மாங்கனீசு 9 பக்கம், நிக்கல் 4 பக்கம். அளவெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வெல்டிங் இன்னும் மோசம். ஆர்கான் வெல்டிங் என்று பில் போட்டிருக்கிறார்கள், குழாயின் உட்பக்கம் ஆர்கான் விடவே இல்லை. உள்ளே வெல்டு முழுதும் கருகிப் பொருக்குப் பொருக்காக நிற்கிறது. இதைவிடப் பெரிய தவறு, பெல்லோஸை (வளைந்து கொடுக்கும் நெளிவுக் குழாயை) வைக்காமல் விட்டுவிட்டார்கள். குறுக்கே வைத்த இன்ஜின் ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டர் அழுத்தும்போதும் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் கம்பெனி பைப்பில் பெல்லோஸ் வைக்கிறார்கள். அது இல்லாததால் வெல்டு விரிந்து புகை கசிய ஆரம்பித்தது. சிக்னலில் ஏசி போட்டு நின்றால் உள்ளே புகை வாடை, பின் சீட்டில் உட்கார்ந்த என் மகளுக்குத் தலைவலி. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. கூட வரும் மற்ற வாயுக்களின் வாடையால்தான் எங்களுக்குத் தெரிந்தது. பணம் போனதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம், இதை என்னால் முடியவில்லை.

கன்வெர்ட்டர் விஷயம் புகைச் சோதனையில் வெளியே வந்தது. பிஎஸ்4 பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் வண்டி பல மடங்கு காட்டியது. சென்சார் துளை வழியாக போர்ஸ்கோப் (நுண் கேமரா) விட்டுப் பார்த்தால் 200 செல் தேன்கூடு இருக்க வேண்டிய இடம் வெறும் டப்பா. அப்படியானால் பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) என்ற கோடு போட்டு இன்ஜின் விளக்கு எரிந்திருக்க வேண்டுமே? பின் ஆக்சிஜன் சென்சாரை ஒரு ஸ்பேசர் போட்டு வாயு ஓட்டத்திலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள், ஈசியுவை ஏமாற்ற. பில்லில் அந்த ஸ்பேசர் இல்லை. இப்படி ஓடும் வண்டியைப் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், உரிமம் 3 மாதம் முடக்கம். கட்டுவது கடைக்காரர் இல்லை.

கம்பெனி டவுன்பைப்பைத் திருப்பிக் கேட்டேன். "அது பழைய இரும்புக்குப் போயிருச்சுங்க சார்" என்றார் உரிமையாளர். அதன் உள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். ரோடியம் தங்கத்தைவிட விலை கூடியது. எந்தக் கடைக்காரரும் அதைத் தெரியாமல் இரும்பு விலைக்குப் போடமாட்டார். ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டருக்கு என்னிடம் பணம் வாங்கி, வெறும் டப்பாவை மாட்டி, என் கன்வெர்ட்டரையும் எடுத்துக்கொண்டால் அது ஒரே வேலையில் இரண்டு திருட்டு.

ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் கழற்றிய பாகம் அன்றே உங்கள் டிக்கியில் ஏற வேண்டும். டைனோ தாளை வாங்காதீர்கள், மூல ஃபைலைக் கேளுங்கள். அதில் திருத்தக் கணக்கும் வெப்பநிலையும் கியரும் மறையாது. முன்-பின் ஓட்டங்கள் ஒரே நாளில், நீங்கள் நிற்கும்போது நடக்க வேண்டும். கன்வெர்ட்டர் வைத்த டவுன்பைப் என்றால் மாட்டுவதற்கு முன் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், மறுபக்கம் வெளிச்சம் பளிச்சென்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கம்பெனி பைப்பில் இருக்கும் பெல்லோஸ் புதியதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் கடை உங்களுக்கு வேண்டாம்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். எச்பி ஏறவில்லை என்பதை முதலில் வைக்காமல், திருப்பித் தராத கன்வெர்ட்டரையும் பொய்யான எஃகு ரகத்தையும் முன்னால் வைக்கும்படி எங்கள் வக்கீல் சொன்னார். இரண்டுக்கும் வாட்ஸ்அப் செய்தியும் ஆய்வு அறிக்கையும் கையில் இருக்கின்றன.

வண்டி இப்போது ஷெட்டில் நிற்கிறது. ஆர்எஸ் 230-இன் கம்பெனி டவுன்பைப், கன்வெர்ட்டரோடு நல்ல நிலையில் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள், நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். இதே மாதிரி சிவப்பு-நீலக் கோடு போட்ட தாள் உங்களிடமும் இருந்தால் அடியில் உள்ள அந்த இரண்டு வரிகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். மனுவோடு சேர்க்க உதவும்.