சைக்கிள் ஃபிரேம் உடைந்த பிறகு என்ன? அலுமினியமா, கார்பனா, ஸ்டீலா

இரண்டு மாதமாக என் மவுன்டன் பைக்கில் ஒரு கிரீச். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் மட்டும் வரும். மிதிகட்டைகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்தான் என்று நினைத்துக் கழற்றி கிரீஸ் போட்டேன். பிறகு புதிதாகவே மாற்றினேன். சத்தம் போகவில்லை. ஒரு நாள் கழுவித் துடைக்கும்போது செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்தின் அச்சுக்குப் போகும் கீழ்க்குழாய்), வெல்டிங்குக்குச் சற்றுத் தள்ளி, தலைமுடி ஒட்டியது போல ஒரு கோடு. துணியால் தேய்த்தேன், போகவில்லை. பெயின்டைச் சுரண்டினேன். அடியில் உலோகத்திலும் அதே கோடு.

நான்கு வருடம் ஓட்டிய அலுமினிய ஃபுல் சஸ்பென்ஷன் அது, அதாவது முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ளது. அடுத்து என்ன என்று மூன்று வகையையும் அலசி, கடைசியில் பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாத ஸ்டீல் ஹார்ட்டெயில் வாங்கினேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் நானும் எல்லோரையும் போல "எந்த பிராண்டு உடையாது?" என்றுதான் கேட்டேன். ஒருவர் பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்று சத்தியம் செய்யும் பிராண்டிலேயே இன்னொருவருக்கு இரண்டு ஃபிரேம் போயிருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. அதிகம் விற்கும் பிராண்டின் உடைந்த படங்கள்தான் அதிகம் கண்ணில் படும். எத்தனை விற்று எத்தனை உடைந்தது என்ற கணக்கு கம்பெனியின் பீரோவுக்குள் இருக்கிறது. போதாததற்கு, ஃபிரேமில் உள்ள பெயரும் அதைச் செய்த தொழிற்சாலையும் பெரும்பாலும் வேறு வேறு. தைவானில் 1972-ல் தொடங்கிய ஜயண்ட், மெரிடா இரண்டும் சொந்தப் பெயரிலும் விற்கும், பிறருக்கும் செய்து கொடுக்கும். மெரிடா 2001 முதல் ஸ்பெஷலைஸ்ட் என்ற இன்னொரு பிராண்டின் பங்குதாரரும்கூட.

பெயரைவிட, அதே பிராண்டுக்குள் எந்த ரகம் என்பதில்தான் வித்தியாசம் பெரிது. ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் வகைப்பாட்டில் 3-ம் வகை 61 செ.மீ.க்குட்பட்ட குதிப்புக்கு, 4-ம் வகை 122 செ.மீ.க்குட்பட்டதற்கு. சிறு குதிப்புக்கு மட்டுமான கிராஸ் கன்ட்ரி ஃபிரேமை ஆளுயரப் பாறையிலிருந்து இறக்கிவிட்டு பிராண்டைத் திட்டுபவர்களை எனக்குத் தெரியும். சீட்டைத் தாங்கும் சீட்போஸ்ட்டை, 'இவ்வளவாவது உள்ளே இருக்க வேண்டும்' என்ற கோட்டைத் தாண்டி வெளியே இழுத்து வைத்து ஓட்டி, அது நுழையும் சீட் டியூப் பிளந்தபின் திட்டுபவர்களையும்.

சரி, பொருளுக்கு வருவோம். அலுமினியம் இலேசு, விலை குறைவு, தெரிந்த கதைதான். சிக்கல் உலோகச் சோர்வில். ஸ்டீலுக்கு ஒரு சுமை எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை ஆட்டினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. சின்னச் சின்ன ஆட்டமும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்காக நாளைக்கே உடையும் என்று பொருளில்லை. சைக்கிளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 சோதனையில் மவுன்டன் பைக் ஃபிரேமை முன்னோக்கி 1200 நியூட்டன், பின்னோக்கி 600 நியூட்டன் விசை என்று மாற்றி மாற்றி 50,000 முறை ஆட்டுகிறார்கள். அலுமினிய ஃபிரேம்களும் அதில் தேறித்தான் வருகின்றன. குழாயைப் பெரிதாக்கி, மூட்டில் தடிமன் கூட்டி, உடையும் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த நாள் எனக்கு வந்துவிட்டது.

வந்தபின் ஒட்ட முடியாது என்பதுதான் அலுமினியத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம். பரவலாகப் பயன்படும் 6061 ரகத்தில், வெல்டிங் சூடு பட்ட இடம் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதை மீட்கத் தொழிற்சாலையில் முழு ஃபிரேமையும் சுமார் 530 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, வளைந்ததை நிமிர்த்தி, பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைக்கிறார்கள். நல்ல வெல்டர் என் விரிசலை அழகாக அடைத்துத் தந்திருப்பார். பக்கத்தில் இன்னொன்று வந்திருக்கும்.

கார்பனில் என் அனுபவம் நண்பருடைய வண்டியில் மூன்று வார இறுதிகள், அவ்வளவே. சோர்வு விஷயத்தில் அது அலுமினியத்தைவிட மேல். பயம் அடி படுவதில்: கூரான கல் டவுன் டியூபில் (முன்பக்கத்திலிருந்து கீழே சாய்ந்திறங்கும் குழாய்) தெறித்தால் வெளியே சிறு தழும்பு, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நண்பர் ஒவ்வொரு விழுதலுக்குப் பிறகும் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார். 'டிக்' என்றால் நிம்மதி, 'தொப்' என்றால் கலக்கம். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. தெரிந்தவர்கள் கார்பனைச் சுரண்டி, புது அடுக்கு போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அந்த வகையில் அது அலுமினியத்தைவிட நல்லது என்றே தோன்றுகிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது வாரன்டி. சாண்டா க்ரூஸ் போன்ற பிராண்டுகள் முதல் உரிமையாளருக்கு ஃபிரேமுக்கு வாழ்நாள் வாரன்டி தருகின்றன. கேன்யன் 6 ஆண்டு. என் பைக்கின் கம்பெனியும் தகராறு இல்லாமல் ஃபிரேமை மாற்றித் தந்தது, ஆறு வாரம் கழித்து. ஆனால் என் மாடல் நின்றுபோயிருந்தது. வந்தது அதற்கு அடுத்த தலைமுறை.

பெட்டியைப் பிரித்து, பழைய பின்சக்கரத்தை எடுத்து வைத்தேன். பக்கத்துக்கு மூன்று மி.மீ. லொடலொடவென்று ஆடியது. என் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) 142 மி.மீ. அகலம்; புது ஃபிரேமின் இடைவெளி 148, அதாவது பூஸ்ட் எனப்படும் அகல அளவு. பின்பக்க அதிர்வு தாங்கியான ஷாக்கிலும் அதே கதை: என்னுடையது பழைய 200 x 57 அளவு, புதியது கேட்பது மெட்ரிக் 210 x 55. இலவசமாக வந்த ஃபிரேமை ஓட்டப் புதுச் சக்கரம், புது ஷாக். இரண்டுக்கும் வாரன்டியில் இடமில்லை. எழுதிக் கேட்டேன், தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். ஃபிரேமைப் பெட்டியோடு விற்றுவிட்டேன். புத்தம் புதிது என்றாலும் பாதி விலைதான் தேறியது. கைமாறினால் வாழ்நாள் வாரன்டி செத்துவிடும் என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

அதனால்தான் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி ஸ்டீல். விரிசல் விட்டால் மெல்லிய குழாயில் டிக் (TIG) வெல்டிங் பழகிய ஒருவர் அதே இடத்தை ஒட்டலாம், வேண்டுமானால் குழாயையே மாற்றலாம். சக்கரமும் கிராங்கும் அப்படியே இருக்கும். ஸ்டீல் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். சர்லி பிராண்டின் கராத்தே மங்கி என்ற ஸ்டீல் ஃபிரேம் பின்பக்க இடைவெளியை 145 மி.மீ.யில் விட்டிருக்கிறது: 142 சக்கரம் போட்டு இறுக்கினால் உள்ளே வரும், 148 போட்டால் அகலும். அலுமினியத்தில் யாரும் அதைச் செய்யத் துணியமாட்டார்கள். நான் வாங்கியதும் அப்படி விட்டுக்கொடுக்கும் ஒரு ஃபிரேம்தான். வாரன்டி வாழ்நாளெல்லாம் இல்லை, அது உறுத்தவுமில்லை.

எடை உறுத்துகிறது. ஃபிரேம் மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல். நீண்ட ஏற்றத்தில் தெரிகிறது. துரு இன்னொன்று. மழையில் ஓட்டினால் சீட்போஸ்ட்டை உருவி வண்டியைக் கவிழ்த்து வைக்கிறேன். முதல் தடவை ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. குழாய்களுக்குள் மெழுகு எண்ணெய் தெளித்த பிறகுதான் தூக்கம் வந்தது. பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாததால் வேர்கள் நிறைந்த இறக்கத்தில் முன்பு போன வேகத்தில் போகவும் முடிவதில்லை. பெரிய குதிப்புகளுக்குப் போகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அவருக்கு 5-ம் வகை அலுமினிய ஃபிரேமை எடுத்து, சில வருடத்தில் கழித்துக்கட்டுவதே சரியாக இருக்கும்.

ஸ்டீலும் உடையும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஹெட் டியூபுக்குக் கீழே குழாய் நெளிந்த ஸ்டீல் ஃபிரேமை நேரில் பார்த்திருக்கிறேன். என்னுடையது ஓடத் தொடங்கி பதினான்கு மாதம்தான். இன்னும் யாரிடமும் ஒட்டக் கொடுக்கவில்லை, அதனால் ஒட்டியபின் எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்கு இப்போதைக்குக் கேள்விப்பட்ட கதைதான். பழைய 142 சக்கரம் மட்டும் அதே இடத்தில் சுற்றுகிறது. ரிம்மில் ஒரு நெளிவு விழுந்திருக்கிறது. அதற்கு ஃபிரேமைக் குறை சொல்ல முடியாது.