ஆறு வருஷமா மேஜிட் யூஸ் பண்றேன், ரிமோட் குழப்பம் தீர்ந்த கதை

முன்னாடி வேலை பார்த்த இடத்துல, கிட்ல (கோட்ல பண்ற மாற்றத்தையெல்லாம் பதிவு பண்ணி வைக்கற டூல்) ஒரே ரெப்போவுக்கு, அதாவது ஒரே புராஜெக்ட்டோட கோட் தொகுப்புக்கு, மூணு ரிமோட், அதாவது சர்வர்ல மூணு இடம். என் ஃபோர்க் (என் சொந்த நகல்) பேரு ஆரிஜின், டீமோடது அப்ஸ்ட்ரீம், அப்புறம் கஸ்டமர் எடுத்துக்கறதுக்குன்னு தனியா ஒண்ணு. ஒரு நாள் சாயங்காலம் பாதிதான் முடிஞ்ச பிராஞ்ச் ஒண்ண (தனிக் கிளையா வச்சிருந்த வேலை) கஸ்டமர் ரிமோட்டுக்கே புஷ் பண்ணிட்டேன், அதாவது தள்ளிட்டேன். இத்தனைக்கும் கிட் ஸ்டேட்டஸ் அடிச்சு பார்த்துட்டுதான் பண்ணேன். அது அப்ஸ்ட்ரீம விட எத்தனை கமிட் (பதிவு பண்ண மாற்றம்) முன்னாடி இருக்கோம்னு சொல்லுச்சே தவிர புஷ் எந்தப் பக்கம் போகும்னு சொல்லல, அதுக்கு முந்தின வாரம் ஏதோ ஒரு ரிலீசுக்காக ரிமோட் புஷ்டிஃபால்ட்ட, அதாவது புஷ் எந்த ரிமோட்டுக்குப் போகணும்ங்கற செட்டிங்க, மாத்தி வச்சிருந்தேன், அது சுத்தமா ஞாபகம் இல்ல. மனசு கெட்டுப்போச்சு அன்னைக்கு.

அதுக்கப்புறம்தான் ஈமாக்ஸ்ங்கற டெக்ஸ்ட் எடிட்டர்ல மேஜிட் போட்டேன், எடிட்டருக்குள்ள இருந்தே கிட்ட இயக்கற பேக்கேஜ் அது. 2008ல மாரியஸ் வோல்மர் ஆரம்பிச்சது, இப்போ பல வருஷமா யோனாஸ் பெர்னூலி பார்த்துக்கறார், 2017ல இதுக்காக கிக்ஸ்டார்ட்டர்ங்கற நிதி திரட்டற சைட்ல பணம் திரட்டினார்.

மேஜிட்டோட ஸ்டேட்டஸ் பஃபர (நிலவரம் காட்டற பக்கம்) திறந்தா உச்சியிலயே ஹெட், மெர்ஜ், புஷ்னு மூணு வரி இருக்கும். ஹெட்னா நாம நிக்கற பிராஞ்ச், மெர்ஜ்னா எங்கேருந்து இழுக்கறோம், புஷ்னா எங்க தள்ளப்போறோம், ஒவ்வொண்ணுலயும் கடைசி கமிட்டோட தலைப்பும் பக்கத்துலயே. இழுக்கற இடமும் தள்ளற இடமும் வேற வேறன்னா அது அங்கயே கண்ணுல பட்டுடும். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே மேஜிட் போதும். கீழ டிராக் ஆகாத ஃபைல், ஸ்டேஜ் பண்ணாதது (அடுத்த கமிட்டுக்குன்னு இன்னும் எடுத்து வைக்காதது), பண்ணது, ஸ்டாஷ் (தற்காலிகமா ஒதுக்கி வச்ச மாற்றம்), இன்னும் புஷ் ஆகாத கமிட் எல்லாம் தனித்தனி பகுதியா வரும், டேப் தட்டினா டிஃப் (என்ன மாறிச்சுங்கற வித்தியாசம்) விரியும், எஸ் அடிச்சா ஸ்டேஜ், யூ அடிச்சா திரும்ப வெளிய. வை ரெண்டு தடவ அடிச்சா எல்லா பிராஞ்ச்சும் ரிமோட் பேர், யூஆர்எல்லோட வந்துடும்.

ஒண்ணு மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க, முன்னாடி பின்னாடின்னு காட்டற கணக்கு எல்லாமே நீங்க கடைசியா ஃபெட்ச் பண்ணப்போ (ரிமோட்ல இருக்கற புதுசையெல்லாம் எடுத்துட்டு வந்தப்போ) இருந்த நிலைமைதான். பத்து நாள் லீவுக்கு அப்புறம் வந்து பார்த்தா எல்லாம் சமமா இருக்கற மாதிரியே தெரியும், ஆனா அங்க டீம் நாப்பது கமிட் போட்டிருப்பாங்க. அதனால காலைல உக்காந்ததும் எஃப், ஏ அடிச்சு எல்லா ரிமோட்டையும் ஃபெட்ச் பண்ணிட்டுதான் மத்த வேலை.

பத்து பதினஞ்சு ரெப்போ வச்சிருக்கவங்களுக்கு மேஜிட் லிஸ்ட் ரெப்போசிட்டரிஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஒரே டேபிள்ல ஒவ்வொரு ரெப்போவும் எத்தனை கமிட் முன்னாடி, எத்தனை பின்னாடின்னு வரும். இத ரொம்ப லேட்டாதான் கண்டுபிடிச்சேன், முதல் வருஷமே தெரிஞ்சிருக்கலாம்.

குறைன்னா வேகம். ஒவ்வொரு ரிஃப்ரெஷ்ஷுக்கும் கிட் புரோகிராம பல தடவ கூப்பிடுது, பெரிய ரெப்போல அது நல்லா தெரியும், விண்டோஸ்ல இன்னும் மெதுவு. தேவையில்லாத பகுதிய ஸ்டேட்டஸ் செக்‌ஷன்ஸ் ஹுக்லேருந்து (எந்தெந்தப் பகுதி காட்டணும்ங்கற பட்டியல்) எடுத்துட்டா கொஞ்சம் பரவால்ல. ஈமாக்ஸ் தெரியாதவங்க இதுக்காக மட்டும் ஈமாக்ஸ் கத்துக்கணுமான்னு கேட்டா, எனக்குத் தோணுறது, தாராளமா கத்துக்கலாம், ரெண்டு வாரம் கை தடுமாறும் அவ்ளோதான்.

ஈமாக்ஸ் இல்லாத சர்வர்ல கிட் ஸ்டேட்டஸ் மைனஸ் எஸ்பி (பிராஞ்ச் நிலவரம் சுருக்கமா), அப்புறம் கிட் ரிமோட் மைனஸ் வி (ரிமோட் முகவரியெல்லாம்), இந்த ரெண்டும் அடிக்காம நான் எதையும் தள்றதே இல்ல. இன்னொண்ணும் பண்ணேன், புஷ் பண்ணக்கூடாத ரிமோட்டுக்கு கிட் ரிமோட் செட் யூஆர்எல் கமாண்ட்ல புஷ் ஆப்ஷன் குடுத்து புஷ் முகவரிய மட்டும் சும்மா ஒரு பொய்ப் பேரா மாத்தி வச்சுட்டேன், ஃபெட்ச் எப்பவும் போல நடக்கும், தவறி புஷ் அடிச்சாலும் எரர்தான் வரும்.