கிணற்றுக்கு எந்தக் கயிறு: தேங்காய் நாரா, நைலானா?

எங்கள் வீட்டுக் கிணற்றில் இரண்டையும் கட்டிப் பார்த்தாயிற்று. தேங்காய் நார்க் கயிறு ஈரக்கையிலும் வழுக்காது. நாரில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அதிகம் என்பதால் சணலைவிட அதிக நாள் தண்ணீரைத் தாங்கும். ஆனால் கப்பியில் உராயும் இடத்தில் பிசிறு கிளம்பி வாளிக்குள் விழும். கடைசியில் அறுவதும் அங்கேதான்.

நைலான் அவ்வளவு சீக்கிரம் அறாது, இற்றும் போகாது. முடிச்சுதான் நழுவும். கைநழுவி ஓடினால் உள்ளங்கை எரியும். அப்புறம், கடையில் நைலான் என்று தருவது பல சமயம் நைலானே அல்ல. ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள்: நைலான் மூழ்கும், மேலே வந்து மிதந்தால் அது பாலிபுரொப்பிலீன் போன்ற வேறு பிளாஸ்டிக்.

இறைக்க என் ஓட்டு நாருக்கே. துணி காயப்போடும் கொடிக்கு மட்டும் நைலான். புது நார்க் கயிறு நனைந்தால் வெள்ளை வேட்டியில் பழுப்புக் கறை விடும்.