எந்தப் பல்?

ஊரிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும் பெண் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "எந்தப் பல்லுண்ணே?"

பல் இல்லை, அம்மாவுக்கு வாயைப் பார்க்கணும் என்றேன். "வலி இருக்கா?" இல்லை. "வீக்கம்?" அதுவும் இல்லை. சீட்டில் எழுத வேறெதுவும் கிடைக்காமல் 'கிளீனிங்' என்று எழுதி நீட்டினாள்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் பல்லைச் சுத்தம் செய்தார், எக்ஸ்ரே எடுத்தார், கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சையும் கேப்பும் போட எவ்வளவு ஆகும் என்று கணக்குச் சொன்னார். நாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. கன்னத்தை ஒதுக்கிப் பார்க்கவில்லை. அம்மா நாற்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்று இரண்டு தடவை சொன்னேன். "கறைதானே, போயிரும்" என்றார். அந்த இடத்திலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் செக்கப்புக்குப் போனால், பல்லைத் தொடுவதற்கு முன்பே நாக்கின் ஓரம், அடிப்பக்கம், அண்ணம், கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பார்த்து, கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவியும் பார்த்துவிடுகிறார்கள். நானோ வெற்றிலையைத் தொட்டதே இல்லை. எனக்குக் கிடைக்கிற அந்த இரண்டு நிமிஷம் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொன்றும் வயிற்றெரிச்சல். இப்படி வெறும் கண்ணால் பார்ப்பதே உயிரைக் காக்கும் என்று நிரூபித்தது நம் பக்கத்து மாவட்டம். திருவனந்தபுரத்தில் இருக்கும் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யின் ஆய்வில் 1996 முதல் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் 7-இல் சுகாதாரப் பணியாளர்களை வைத்து வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது. களியக்காவிளையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர் அது.

சரி என்று மறுநாளே கேரள எல்லையைத் தாண்டி பாறசாலைக்குக் கூட்டிப்போனேன். சின்ன கிளினிக், இளவயது டாக்டரம்மா. "அம்மே, எத்ர கொல்லமாயி முறுக்குந்நு?" (எத்தனை வருஷமா வெற்றிலை போடுறீங்க?) என்பதுதான் முதல் கேள்வி. துணியால் நாக்கைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். வாய் சரியாகத் திறக்கிறதா என்று அறிய, மூன்று விரல் வாய்க்குள் போகிறதா என்று பார்த்தார். இடது கன்னத்தின் உள்ளே, அம்மா வெற்றிலையை அடக்கிவைக்கிற அதே இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்தும் போகவில்லை. சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்காமல் (பயாப்சி) ஒன்றும் சொல்ல முடியாது என்று அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். வாங்கியது 100 ரூபாய்.

முடிவு வருவதற்குள் பத்து நாள் நான் தூங்கவில்லை. புற்று இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், புகையிலையோடு பாக்கையும் விட வேண்டும். "பாக்கு என்ன செய்யும் மக்களே?" என்றார் அம்மா. பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே சொல்லிவிட்டது என்றேன். பாட்டி காலத்து வெற்றிலைச் செல்லத்தை அவர் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். சின்ன வயதில் அந்தச் சுண்ணாம்பு வாசனையில்தான் நான் தூங்குவேன்.

அடுத்த தடவை அண்ணி கூட்டிப்போவாள். எதிர்வீட்டுச் சித்தியையும் கூடவே அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு வலி ஒன்றும் இல்லையாம், சோற்று உருண்டை மட்டும் முன்பு போல வாய்க்குள் போகவில்லையாம்.